கடன் யார் பேரில்?

கன்னியாகுமரி ரயில் நிலையத்திலிருந்து வாரத்துக்கு ஒருமுறை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் புறப்படுகிறது. ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் ஓடி, மூன்று பகலும் மூன்று இரவும் கழித்து, ஜம்மு வழியாகக் கட்ரா போய்ச் சேரும். அதே நிலையத்தில் கிளம்பும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அஸ்ஸாமின் திப்ருகரில் நிற்கும். நாட்டின் நெடிய ரயில்கள் என்று சுற்றுலாக் கையேடுகள் இவற்றை வியக்கும். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய தோவாளை, கல்குளம், விளவங்கோடு வீடுகளில் இந்தத் தூரத்துக்கு வேறு பொருள். வடக்கு எல்லைக்கும் வடகிழக்கு எல்லைக்கும் போன பிள்ளை நினைத்த நேரத்தில் வந்து நிற்க முடியாத தூரம் அது. அந்தத் தூரம் மிகக் கனமாகத் தெரிவது வீட்டில் மருமகள் மாசமாக இருக்கும்போது. ஏழாம் மாதச் சடங்கில் அவன் இல்லை, வலி கண்ட இரவில் அவன் இல்லை. பிறந்த செய்தி போன பிறகு அவனுடைய யூனிட்டில் பார்ட்-டூ ஆர்டரில் பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் பதிவாகும். ஊர் இதைத் 'தியாகம்' என்று சொல்லிவிட்டு நகர்கிறது. மேடைப் பேச்சும் பங்குக் கோயில் பிரசங்கமும் இந்த ஒரு சொல்லில் ஒத்துப்போகின்றன. இந்தச் சொல் இங்கே பொருந்தாது என்பதே என் வாதம். பிரிவு தவறு என்றோ, படைவேலை வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. இந்த மாவட்டத்தின் சமய மரபுகள் எல்லாவற்றிலும் கர்ப்பகாலப் பிரிவு ஒரு கடனாகவே எண்ணப்பட்டிருக்கிறது. கடன் என்றால் கொடுத்தவர் ஒருவர், திருப்பித் தர வேண்டியவர் ஒருவர் என்று இருவர் உண்டு. தியாகம் என்று பெயர் மாற்றியதும் அந்த இரண்டாம் ஆள் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறார்.

இப்பகுதிக்கும் படைத்தொழிலுக்கும் உள்ள உறவு பழையது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரைத் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மரின் படை தோற்கடித்தது. டச்சுப் படையிலிருந்து சிறைப்பட்ட டிலனாய் பிறகு அதே அரசரின் படைத்தலைவராகி, 1777-இல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டார். பழைய திருவிதாங்கூர்ப் படையின் தொடர்ச்சியான மதராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாவது பட்டாலியன் இன்றும் குளச்சல் நாளைக் கொண்டாடுகிறது. ஆக, பிரிவும் இங்கே பழையதுதான். இன்றைக்கு அது விதிகளின் வடிவில் இருக்கிறது. குடும்பத்தை வைத்துக்கொள்ளக்கூடிய 'பீஸ்' நிலையம் ஒன்று, வைத்துக்கொள்ள முடியாத 'பீல்டு' ஒன்று என்று பணியிடங்கள் மாறி மாறி வரும். ராணுவச் சிப்பாய்க்கு வழக்கமாக ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். அக்னிவீரருக்கு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 30 நாள். அவர் சேரும்போது திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்பதால் அந்த நான்காண்டுக்குச் சிக்கலே எழாதபடி அரசு பார்த்துக்கொண்டது. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். முதலிய மத்தியப் படைகளில் தந்தைக்குரிய விடுப்பு மற்ற மத்திய அரசு ஊழியருக்கு உள்ளதுபோல 15 நாள். அந்தப் பதினைந்தை மேற்சொன்ன ரயில் பாதையின் மேல் வைத்துப் பார்த்தால் போகவர ஒரு வாரம். பயண நாட்கள் தனியாகக் கிடைத்தாலும் தலைப்பிள்ளையின் முகம் பழகுமுன் திரும்ப வேண்டும்.

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்குக் கடமை என்றும் பொருள், திருப்பித் தர வேண்டியது என்றும் பொருள். இந்த இரட்டைப் பொருள் தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவன் கடமையைச் செய்தால் இன்னொருவர் மேல் ஒரு கடப்பாடு ஏறுகிறது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. படைவீரர் விழாக்களில் தவறாமல் எடுக்கப்படும் பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடலை (312) இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். பெற்று வளர்ப்பது தாயின் கடன், சான்றோனாக்குவது தந்தையின் கடன், களத்தில் யானையை வெட்டி மீள்வது மகனின் கடன் என்று அது அடுக்குகிறது. மேடையில் ஒலிப்பது பெரும்பாலும் இந்த மூன்றுதான். நடுவில் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் தலைக்கு ஒரு கடன் வைக்கப்பட்டிருக்கிறது. வேந்தன் தர வேண்டியது நல்லொழுக்கம் என்று ஒரு பாடம் சொல்கிறது, விளைநிலம் என்று மற்றொரு பாடம் சொல்கிறது. எந்தப் பாடத்தைக் கொண்டாலும் தருபவன் வேந்தன். தாயின் கடனையும் மகனின் கடனையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு வேந்தனின் கடனை மறந்துபோனது நம் வசதி. பாடல் அந்த வசதியைத் தரவில்லை. இன்னொன்றும் கவனிக்கலாம். அங்கே பேசுகிறவள் தாய். தன் கடன் எது என்று அவளே சொல்கிறாள், அதே மூச்சில் மற்றவர் கடனையும் சொல்லிக் காட்டுகிறாள். யாரும் அவளைத் தியாகி என்று அழைத்துக் கையில் சால்வையைக் கொடுக்கவில்லை.

பிரிவுக்குத் தொல்காப்பியம் எல்லை கட்டியிருக்கிறது. பாசறையில் பெண்ணோடு இருப்பதில்லை என்று கற்பியல் சொல்கிறது. அந்த அளவில் அது இன்றைய பீல்டு விதியைப் போலக் கறாரானது. ஆனால் அதே இயல், வேந்தன் ஏவிய தொழிலுக்காகப் பிரிபவனுக்கு ஓராண்டுக்கு உட்பட்ட காலத்தையே தருகிறது. கல்விக்குப் போகிறவனுக்கு மூன்றாண்டு வரை உண்டு, அரசன் வேலைக்குப் போகிறவனுக்கு அதைவிடக் குறைவு. தானாகத் தேடிப் போவதற்கு நீண்ட கயிறும், பிறர் அனுப்பிப் போவதற்குக் குறுகிய கயிறும் விட்டிருக்கிறார்கள் என்று நான் இதைப் படிக்கிறேன். முல்லைத் திணையை நாம் 'இருத்தல்' என்ற ஒற்றைச் சொல்லால் மனைவியின் பொறுமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். அந்தப் பாடல்களின் அமைப்பைப் பார்த்தால், அவள் இருத்தல் அவன் குறித்துச் சென்ற பருவத்தின் மேல் நிற்கிறது. கார்காலம் வருவதற்குள் வருவேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். மேகம் கறுக்கிறது, கொன்றை பூக்கிறது, அவன் வரவில்லை என்றால் பொய்த்தவன் அவன்தான். தோழி பருவத்தையே மறுத்துப் பேசி அவனைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. கர்ப்பத்தைப் போலத் தேதி தெளிவான பருவம் வேறில்லை. பத்து மாதம் என்பது மழையைவிட உறுதியாகக் கணிக்கக்கூடியது. அப்படிப்பட்ட பருவத்தைக் குறித்துச் சொல்லிச் செல்லும் உரிமையே சிப்பாயின் கையில் இல்லை என்பதுதான் இன்று மாறியிருப்பது. வாக்குக் கொடுக்க வேண்டியவன் அவனல்லன் என்றால், அந்த வாக்கு அவனை அனுப்புகிறவரிடம் போய் நிற்கிறது.

இதற்கு நேரான ஒரு வழக்கு புறநானூற்றிலேயே உண்டு. அது போதிய கவனம் பெறவில்லை. கோப்பெருஞ்சோழன் தன் மக்களோடு பகை மூண்ட துயரில் வடக்கிருந்து உயிர்விடத் துணிகிறான். நண்பர்கள் உடன் இருக்க முன்வருகிறார்கள். பிசிராந்தையார் பாண்டிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த கதையைப் பள்ளிப்பிள்ளைகளும் சொல்வார்கள். பொத்தியார் என்ற புலவரும் உடன் உயிர்விட வந்தார். அவர் மனைவி அப்போது கருவுற்றிருந்தாள். சோழன் அவருக்கு இடம் தர மறுத்துவிட்டான். நட்பு வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை, மகன் பிறந்த பிறகு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினான். அவர் போனார், பிள்ளை பிறந்தது, திரும்பி வந்தார். அதற்குள் சோழன் நடுகல்லாகியிருந்தான். அந்தக் கல்லிடம் தன் இடம் எது என்று பொத்தியார் கேட்பதாக அமைந்தது 222-ஆம் பாடல். இந்த நிகழ்ச்சியில் எடை போட வேண்டியவை எவை என்று பாருங்கள். ஒரு பக்கம் அரசனின் மரணம். தள்ளிப்போட முடியாதது, இரண்டாம் முறை வராதது. கூட இருந்து சாவதை அக்காலத்தவர் நட்பின் உச்சமாக, ஏறக்குறையச் சமயக் கடமையாக மதித்தார்கள். மறுபக்கம் ஒரு பெண்ணின் சூல். சோழன் தன் மரணத்தைக் காக்கவைக்கவில்லை, ஆனால் நண்பனின் வருகையைக் காக்கவைத்தான். அதைச் சொன்னவன் பொத்தியாரும் அல்லன், அவர் மனைவியும் அல்லள், அழைக்கும் உரிமை இருந்த அரசனே. விடுப்பு விண்ணப்பம் கொடுக்கப்படாமலே விடுப்பு வழங்கப்பட்டது என்று பட்டாளத்து மொழியில் சொல்லலாம். ஆண்மகவு பிறந்த பின் என்று அவன் குறிப்பிட்டதில் குலம் தொடரும் கவலையும் கலந்திருக்கலாம். ஆனால் வாரிசு மட்டுமே நோக்கம் என்றால் கருவுற்றதே போதும், பிறப்பு வரை தந்தை பக்கத்தில் இருக்கத் தேவையில்லை.

கர்ப்பம் ஒருத்தியின் உடம்பில் நடப்பதுதானே, அதில் ஆணுக்கு என்ன வேலை என்ற கேள்விக்குச் சடங்குகள் விடை வைத்திருக்கின்றன. சீமந்தத்தில் மனைவியின் வகிட்டைப் பிரிக்க வேண்டியவன் கணவன். முள்ளம்பன்றி முள்ளும் அத்திக்காயும் கொண்டு அவன் கையால் செய்ய வேண்டும் என்று கிருஹ்ய சூத்திரங்கள் சொல்கின்றன. பேறு வரை கணவனுக்கும் நோன்பு உண்டு. கர்ப்பிணியின் புருஷன் பிணம் தூக்கக் கூடாது, கடலில் குளிக்கக் கூடாது, முடி மழிக்கக் கூடாது என்பவை தென்தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பாட்டிமார் நாவில் இன்றும் இருக்கின்றன. சடங்கு நூல்களில் எடுத்தாளப்படும் ஒரு பழைய சுலோகம் இந்தப் பட்டியலோடு இன்னும் இரண்டைச் சேர்க்கிறது: மிகத் தூரப் பயணம், போர். (மழிக்காதே என்கிறது சுலோகம், காலை ஃபாலினில் மழிக்காத முகத்தோடு நிற்க முடியாது என்கிறது பட்டாளம். எந்தக் கட்டளை வெல்லும் என்று கேட்கத் தேவையில்லை.) இந்த விலக்குகளை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடலையே தொழிலாகக் கொண்ட கடற்கரை ஊர்களில் அவற்றைப் பின்பற்றவும் முடியாது. அவற்றின் உட்பொருள்தான் நமக்குத் தேவை. சூல் இரண்டு உடம்புகளைக் கட்டுகிறது, சுமக்காத உடம்பும் அந்த மாதங்களில் தன் இஷ்டத்துக்குத் திரிய முடியாது என்பதே அந்த உட்பொருள். அவனைக் கட்டுப்படுத்துவதன் வழியாக அவனைப் பயன்படுத்த நினைக்கும் ஊரையும் அரசையும் அது கட்டுப்படுத்தியது.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இம்மாவட்டத்தில் இந்துக்கள் ஏறத்தாழ 49 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 47, முஸ்லிம்கள் 4. ஒரு மரபை மட்டும் வைத்து இங்கே வாதம் செய்ய முடியாது, செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. விவிலியத்தின் உபாகமம் புதிதாக மணமுடித்தவனை ஓராண்டு போருக்கு அனுப்பக் கூடாது, வேறு பொறுப்பும் சுமத்தக் கூடாது, அவன் வீட்டில் இருந்து மனைவியை மகிழ்விக்கட்டும் என்கிறது. அந்தச் சட்டம் அமைதியை விரும்பிய துறவிகள் எழுதியது அன்று. நான்கு பக்கமும் பகைவர் சூழ்ந்த ஒரு சிறு இனத்தின் போர்ச்சட்டம் அது. டிசம்பர் மாதத்தில் கிறிஸ்தவ வீடுகளில் எல்லாம் குடில் கட்டுகிறார்கள். அந்தக் குடிலின் கதை, லூக்காவின்படி, ஓர் அரசாணையில் தொடங்குகிறது: பேரரசன் குடிமதிப்புக்கு ஆணையிட்டான், யோசேப்பு தன் முன்னோர் ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. அவர் நிறைசூலியான மரியாளை விட்டுவிட்டுப் போகவில்லை, கூட்டிக்கொண்டு போனார். பாதை கடினம், தங்க இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் களிமண் பொம்மைகளாக அந்தக் குடிலில் நாம் வைப்பது கணவனும் மனைவியும் பிள்ளையும் சேர்ந்திருக்கும் காட்சியைத்தான். இஸ்லாமிய மரபில் கலீபா உமர் பற்றிய செய்தி பரவலாக அறியப்பட்டது. இரவில் நகர்வலம் போனபோது, போருக்குச் சென்ற கணவனை நினைத்து ஒரு பெண் புலம்பியது அவர் காதில் விழுந்தது. ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று தம் மகள் ஹஃப்ஸாவிடம் கேட்டு, படைவீரரை அதற்கு மேல் வெளியே நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தார். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் மாறுபடுகின்றன. எண்ணைவிட முக்கியம், காலவரையை முடிவு செய்ய யாரிடம் கேட்டார் என்பது. தளபதியிடம் கேட்கவில்லை.

சிதறால் மலையின் சமணப் பாறைச் சிற்பங்களும், நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் உள்ள தீர்த்தங்கரர் உருவங்களும் இங்கே இருந்த இன்னொரு மரபின் எச்சம். சுவேதாம்பரரின் கல்பசூத்திரத்தில் மகாவீரரின் கருக்காலக் கதை ஒன்று வருகிறது (நம் பக்கத்துச் சமணம் திகம்பரம் என்பதால் இக்கதை இங்கே வழங்கியதாகச் சொல்ல மாட்டேன்). தாய்க்கு நோகக் கூடாது என்று சிசு அசையாமல் இருந்ததாம். அசைவு நின்றதைக் கண்டு தாய் கலங்கிப்போனாள். அவள் துயரை உணர்ந்த சிசு மெல்ல அசைந்து, பெற்றோர் உயிரோடு உள்ளவரை துறவு பூணுவதில்லை என்று உறுதி எடுத்ததாம். உலகத்தின் மிகக் கடுமையான துறவு மரபு ஒன்று, வீடுபேற்றையே முப்பது ஆண்டு தள்ளிவைக்கும் உரிமையை ஒரு கர்ப்பிணியின் கலக்கத்துக்குக் கொடுத்திருக்கிறது.

ஆனால் இந்த விஷயத்தில் நாஞ்சில் நாட்டின் ஆழமான சிந்தனை ஏட்டில் இல்லை, ஆரல்வாய்மொழிப் பக்கம் முப்பந்தலிலும் ஊர்தோறும் உள்ள இசக்கியம்மன் பீடங்களிலும் இருக்கிறது. இசக்கி கதைகள் வில்லுப்பாட்டில் பல வடிவங்களில் பாடப்படுகின்றன. நம்பிய ஆணால் வஞ்சிக்கப்பட்டோ, கைவிடப்பட்டோ, பிள்ளை வயிற்றிலோ இடுப்பிலோ இருக்கச் செத்துப்போன பெண் தெய்வமாகிறாள் என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வரும் இழை. கையில் ஒரு பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை என்று அவளை வடித்திருப்பதைப் பார்க்கலாம். காக்கவும் செய்வாள், கேட்கவும் செய்வாள். பிள்ளை வரத்துக்கும் சுகப்பிரசவத்துக்கும் அவளிடம்தான் நேர்ந்துகொள்கிறார்கள். அவளுக்கு எடுக்கும் விழாவின் பெயர் 'கொடை'. எதற்குக் கொடுக்கிறார்கள்? உயிரோடு இருந்தபோது தராததை இறந்த பின் ஆண்டுதோறும் தருகிறார்கள், தீரவே தீராதபடி தருகிறார்கள். தென்மாவட்டங்களின் பழைய சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லும் இதே கணக்குத்தான். வயிற்றில் பிள்ளையோடு இறந்தவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்காக, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைக்க ஒரு கல். களத்தில் பட்டவனுக்கு நடுகல், சூலோடு போனவளுக்குச் சுமைதாங்கி. இரண்டு கல்லையும் நட்ட சமூகம் இரண்டு இறப்பையும் ஒரே வரிசையில் வைத்தது. நடுகல்லுக்குப் பூச் சாத்துகிறோம், சுமைதாங்கியைச் சாலை அகலப்படுத்தும்போது பெயர்த்துப் போடுகிறோம். இசக்கி வழிபாட்டை அச்சத்தால் பிறந்தது என்று சொல்லி ஒதுக்குவது எளிது. அச்சம் உண்மைதான். ஆனால் கடன்பட்டவனுக்குத்தான் அச்சம் வரும். சூலியைத் தனியே விட்ட ஊருக்கு அவள் பேரில் ஒரு பாக்கி நிற்கிறது என்பதை இந்த மக்கள் தங்கள் சொந்த இறையியலாகவே கட்டிவைத்திருக்கிறார்கள். அதை எந்த ஆகமமும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் கனமானது கீதை. பந்தபாசத்தால் வில்லைக் கீழே போட்டவனிடம், உன் கடமையைச் செய், பலனை எண்ணாதே என்று கண்ணன் சொன்னான் அல்லவா? அந்த அளவுகோலில் கர்ப்பிணி மனைவியை எண்ணிக் கலங்கும் சிப்பாய் அர்ச்சுனனின் தளர்ச்சியைத்தானே காட்டுகிறான்? கீதை அர்ச்சுனனிடம் விடச் சொன்னது அவன் பலனை. இன்னொருவருக்குச் சேர வேண்டியதை விடச் சொல்லும் உரிமை அதில் யாருக்கும் தரப்படவில்லை. மேலும் அந்த இதிகாசம் குருட்சேத்திரத்தோடு நிற்கவில்லை. அபிமன்யு பதினாறு வயதில் வியூகத்துக்குள் மடிந்தபோது உத்தரை கருவுற்றிருந்தாள். அசுவத்தாமனின் அத்திரம் அந்தக் கருவைத் தாக்கியது. பிள்ளை உயிரின்றிப் பிறந்தது. அப்போது பிரசவ அறைக்குள் நுழைந்து அந்தச் சிசுவை உயிர்ப்பித்தவன் வேறு யாருமல்லன், தேர்த்தட்டில் உபதேசம் செய்த அதே கண்ணன். தந்தையைக் களத்துக்கு ஓட்டியவர்கள் சார்பில், தந்தை இருந்திருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றான். கீதையை மட்டும் எடுத்துக்கொண்டு அசுவமேத பர்வத்தை விட்டுவிடுகிறவர்கள் பாதிக் கண்ணனைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது நடைமுறை பேசுகிறவர்களின் வாதம். எல்லை காக்க ஆள் வேண்டும். மனைவி மாசமாக இருக்கிறாள் என்று ஆளாளுக்கு ஊருக்குக் கிளம்பினால் பாசறையில் யார் இருப்பது? போர் மூண்டிருக்கும் நாளில் இந்த வாதத்துக்கு முழு எடை உண்டு. கார்கில் உச்சியில் 1999 ஜூனில் நின்றவனை யாரும் வீட்டுக்கு அழைக்க முடியாது. ஆனால் ஒரு சிப்பாயின் பணிக்காலத்தில் பெரும்பகுதி போர் அன்று. பணிமாற்றப் பட்டியல், பயிற்சி, காவல், தேர்தல் பந்தோபஸ்து என்று கழிவது. இரண்டு மூன்று ஆண்டுக்கு முன்பே பீல்டும் பீஸும் திட்டமிடப்படும் ஒரு நிறுவனத்துக்கு, ஆறு மாதம் முன்னதாகத் தேதி தெரிந்த ஒரு பிரசவம் எதிர்பாராத நெருக்கடி ஆகாது. மத்தியப் படைவீரர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 100 நாள் குடும்பத்தோடு இருக்க வகைசெய்யப்படும் என்று உள்துறை அமைச்சர் 2019-இல் அறிவித்தபோது, கோட்பாட்டளவில் இது இயலும் என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. மீதி இருப்பது கணக்கர் வேலை.

தெரிந்துதானே பட்டாளத்தானைக் கட்டினாள் என்பது ஊர்வாய் வாதம். தெரிந்து கடன் கொடுத்தவனுக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று எந்த வட்டிக்கடையிலும் சட்டம் இல்லை. அவள் சம்மதித்ததால் கடன் உண்டாகிறது, சம்மதத்தால் அது அழிவதில்லை. பிறக்கப்போகும் பிள்ளையிடம் அந்தச் சம்மதமும் கேட்கப்படவில்லை. இதைவிடக் கூரான கேள்வி ஒன்று உண்டு. பட்டாளத்துக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கரை காணாமல் போகிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது திரும்பாதவர்களின் வீடுகளிலும் வயிற்றுப்பிள்ளைக்காரிகள் இருந்திருப்பார்கள். வளைகுடாவுக்குப் போனவர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை வருகிறார்கள். உண்மை. அவர்கள் துயரம் எவ்விதத்திலும் குறைந்ததில்லை. ஆனால் கடன் என்ற கணக்கில் வேறுபாடு இருக்கிறது. அவர்களை அனுப்புவது கடலும் வறுமையும் சந்தையும். அவற்றிடம் பாக்கி கேட்க முகவரி இல்லை. மீனவன் இந்த முறை போகவில்லை என்றால் வருமானம் போகும், கைது வராது. சிப்பாய் அனுமதியின்றி ஊருக்கு வந்தால் அது குற்றம். எந்த அதிகாரம் அவன் கால்களைச் சட்டத்தால் கட்டுகிறதோ, அந்தக் கட்டின் விலைக்கும் அதுவே பொறுப்பு. தொல்காப்பியர் வேந்தன் ஏவலுக்குத் தனியே எல்லை வைத்ததன் நியாயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, நம் வழக்கமே முதல் பிரசவத்தைத் தாய்வீட்டில்தானே வைக்கிறது, ஏழாம் மாதத்தில் கணவனை விட்டுப் பிரித்துத்தானே கூட்டிப்போகிறார்கள் என்பார்கள். அம்மையும் சித்தியும் செய்யும் பணிவிடையைக் கணவனால் செய்ய முடியாது என்பதில் ஐயமில்லை. மரியாளே கர்ப்பிணியான எலிசபெத்தோடு மூன்று மாதம் தங்கியிருந்தவள்தான். ஆனால் தாய்வீடு பொதுவாகப் பக்கத்து ஊர். வேலை முடிந்து மாலை பஸ்ஸில் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். இடையில் இமயமலை இல்லை. ஆண்கள் வெளியே இருந்தாலும் வீடு நடக்கும்படி சமூகத்தையே அமைத்துப் பார்த்த அனுபவமும் இந்தப் பகுதிக்கு உண்டு. சொத்து மகனுக்கன்றி மருமகனுக்குப் போகும் நாயர்களின் மருமக்கள்வழிக்குப் படைத்தொழிலே காரணம் என்று மானிடவியலாளர் சிலர் கருதினர். நாஞ்சில்நாட்டு வேளாளரிடமும் இருந்த அந்த முறையில் மனைவியும் மக்களும் என்ன ஆனார்கள் என்பதைக் கவிமணி தம் மருமக்கள்வழி மான்மியத்தில் ஐந்தாம் மனைவியின் வாயால் சொல்லவைத்தார். 1920-களில் திருவிதாங்கூர் சட்டம் அதை முடித்துவைத்தது. தந்தை இல்லாமலும் வீடு நடக்கும் என்பது நிரூபிக்கப்பட்டதுதான். அப்படி நடந்த வீடுகளின் பிள்ளைகளே வேண்டாம் என்று மனுக் கொடுத்தார்கள். அமெரிக்கப் படை மருத்துவமனைகளில் நடந்த சில ஆய்வுகள், கணவர் பணிக்காக வெளியே இருந்த கர்ப்பிணிகளிடம் பேறுகால மனச்சோர்வு கூடுதலாகத் தெரிந்ததைக் குறித்திருக்கின்றன. அவை இல்லாவிட்டாலும் என் வாதம் நிற்கும், ஏனென்றால் பாதிப்பு இல்லாத கடனும் கடன்தான்.

இருவரும் சீருடை அணிந்தவர்கள் என்றால் இந்தக் கணக்கு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 1986-இல் சி.ஆர்.பி.எஃப். மகளிருக்கென்றே 88-ஆம் பட்டாலியனைத் தொடங்கியது. இன்று கணவன் ஒரு நிலையத்திலும் மனைவி ஒரு நிலையத்திலும் பணிபுரியும் தம்பதிகள் எல்லாப் படையிலும் உண்டு. முன்பு அரசு இதைத் தீர்த்த விதம் கொடியது. ராணுவச் செவிலியர் பணியில் இருந்த செலினா ஜான் திருமணம் செய்துகொண்டதற்காக 1988-இல் நீக்கப்பட்டார். அதற்கு ஆதாரமான 1977-ஆம் ஆண்டு விதி 1995-இல் விலக்கப்பட்டது. அவருக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 பிப்ரவரியில். பெண் அதிகாரிகளுக்கு உள்ள அதே பேறுகால விடுப்பு, 180 நாள், பெண் சிப்பாய்க்கும் கடற்படை, விமானப்படைப் பெண்களுக்கும் உண்டு என்று 2023 நவம்பரில்தான் முடிவானது. கணவன் மனைவியை இயன்றவரை ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும் என்று மத்திய அரசு 1986-இலும் 2009-இலும் ஆணை இட்டிருக்கிறது. அந்த 'இயன்றவரை' என்ற சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. தாய்க்கு 180, தகப்பனுக்கு 15 என்ற இடைவெளியில் ஒரு தத்துவம் ஒளிந்திருக்கிறது: கர்ப்பம் ஓர் உடம்பின் நோய்நிலை, அந்த உடம்புக்குரியவருக்கு ஓய்வு, மற்றவருக்கு ஒரு மரியாதைப் பயணம். சீமந்தமும் குடிலும் இசக்கியும் இந்தத் தத்துவத்தை ஏற்கவில்லை.

சலுகை கேட்பதுபோல இதைக் கேட்கக் கூடாது. ஏழாம் மாதத்தில் ஒருமுறையும் பேற்றை ஒட்டி ஒருமுறையும் அவன் வீட்டில் இருப்பான் என்பது பணிப்பட்டியல் போடும்போதே எழுதப்பட வேண்டும். இயலாத நாளில், ஏன் இயலவில்லை என்று மறுக்கும் அதிகாரி தன் கையெழுத்தில் எழுத வேண்டும். போர் என்றால் போர் என்று எழுதட்டும். அது பாக்கியாக அந்தக் குடும்பத்தின் பேரில் நின்று, பிள்ளையின் முதல் ஆண்டில் பீஸ் நிலையமாகவோ கூடுதல் நாளாகவோ தீரட்டும். பொத்தியார் திரும்பி வந்தபோது சோழன் இல்லை, உறையூர் மன்றம் வெறிச்சோடிக் கிடந்தது. பிள்ளை பிறக்கும்வரை வீட்டில் இருந்துவிட்டு வந்தவர் அவர். அதனால் அவர் நட்பு ஒரு படி தாழ்ந்ததாக அந்தப் பாடல்களில் எங்கும் இல்லை. கல்லாகிவிட்ட அரசன் பக்கத்தில் அவருக்கும் இடம் இருந்தது.